நடுச்செவிச் செல்களில் மக்5ஏசி 32 மடங்கு ஏறியிருக்கிறது. ஆனால் கண்ணாடித் தகட்டில் சளியைக் காணோம்

மிளகளவு (சேலம், அஸ்தம்பட்டி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயிர்வேதியியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்து வருகிறேன். குழந்தைகளுக்குச் செவிப்பறையின் பின்னால் பசைபோலச் சளி தேங்கிக் காது மந்தமாகும் நோயை மருத்துவர்கள் ‘க்ளூ இயர்’ என்கிறார்கள். அந்தப் பசைத்தன்மைக்குக் காரணமான மியூசின் புரதங்களின் மரபணுக்கள் (மக்5ஏசி, மக்5பி) நடுச்செவியின் உட்பரப்பை மூடிய மேலணிச் செல்களில் எப்போது, எவ்வளவு வெளிப்படுகின்றன என்பதே என் ஆய்வுப் பொருள்.

விலங்கு நெறிக்குழுவின் அனுமதி பெற்று, பால்ப்/சி வகைச் சுண்டெலிகள் ஆறினை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் வலக்காதில் செவிப்பறையின் வழியாக எல்.பி.எஸ். என்னும் பாக்டீரிய நச்சும், இடக்காதில் வெறும் உப்புநீரும் செலுத்தி, 24 மணி நேரம் கழித்து நடுச்செவியின் உட்சவ்வை எடுத்தேன். சுண்டெலியின் நடுச்செவி எலும்புக் குமிழ் ஒரு மிளகளவுதான் இருக்கும் (என் பெயர்க்காரணம் அதுவே). அதற்குள் ஐந்து மைக்ரோலிட்டருக்கு மேல் செலுத்த இடமில்லை.

மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.யைச் சுற்றுச் சுற்றாக இரட்டித்து அளக்கும் கியூ.பி.சி.ஆர். முடிவுகளின் சராசரி இது. எத்தனையாவது சுற்றில் அது கருவிக்குத் தெரிகிறது என்பதே சி.டி. மதிப்பு; எண் குறைந்தால் அளவு அதிகம். மக்5ஏசி மரபணுவின் சி.டி. மதிப்பு உப்புநீர்க் காதில் 36, எல்.பி.எஸ். காதில் 31. மக்5பி மரபணுவுக்கு 24, 23. ஒப்பீட்டுக்கு வைத்த, எல்லாச் செல்களிலும் இருக்கும் கேப்டிஹெச் மரபணு இரண்டு காதுகளிலும் 18. ஆக மக்5ஏசி 32 மடங்கு ஏறியிருக்கிறது, மக்5பி வெறும் இரண்டு மடங்குதான். ஆனால் அதே தொகுதியைச் சேர்ந்த வேறு இரண்டு எலிகளின் காதுகளைச் சீவி, மியூசினைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயம் ஏற்றிப் பார்த்தபோது, சளி சுரக்கும் கோப்பைச் செல்கள் பெருகியதாகவே தெரியவில்லை. மக்5ஏசியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதலாமா, அல்லது எங்காவது தவறுகிறேனா?

-----

பழைய பிப்பெட் (சேலம், அம்மாபேட்டை) எழுதியது:

தம்பி, முதலில் ஒரு பாராட்டு. சி.டி. மதிப்புகளை மறைக்காமல் போட்டிருக்கிறீர்கள். மடங்குக் கணக்கை மட்டும் போட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போயிருப்போம்.

சி.டி. 36 என்றால் என்ன பொருள்? முப்பத்தாறு சுற்றுப் பெருக்கத்துக்குப் பிறகுதான் கருவியின் கண்ணுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. ஒரு குழியில் ஒன்றிரண்டு மூலக்கூறுகள் விழுந்தனவா இல்லையா என்ற தற்செயலே அங்கே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். ஒரே மாதிரியை மூன்று முறை ஓட்டிய குழிகளில் ஒன்று 35, ஒன்று 37, ஒன்று வரவே இல்லை என்று உங்கள் தாளில் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஏறக்குறைய ஒன்றுமில்லாததை வகுத்தியாக வைத்தால் ஈவு எவ்வளவு பெரிதாகவும் வரும். ஐந்து ரூபாய் வைத்திருந்தவனிடம் நூற்றறுபது ரூபாய் சேர்ந்ததும் 32 மடங்குதான். அதற்காக அவனைச் செவ்வாய்ப்பேட்டை மண்டி முதலாளி என்று சொல்ல மாட்டோம்.

இப்போது அதே எண்களை வேறு வகையில் பாருங்கள். எல்.பி.எஸ். ஏற்ற காதிலேயே மக்5ஏசி 31, மக்5பி 23. எட்டுச் சுற்று வித்தியாசம். இரண்டு மரபணுக்களையும் பெருக்கத் தொடங்கிவைக்கும் பிரைமர்களின் திறன் சமம் என்று வைத்துக்கொண்டால், மக்5பியின் தூது ஆர்.என்.ஏ. அங்கே மக்5ஏசியைப் போல 256 மடங்கு இருக்கிறது. நீங்கள் ‘வெறும் இரண்டு மடங்கு’ என்று ஓரங்கட்டிய அந்த ஏற்றம், மூலக்கூறு எண்ணிக்கையில் மக்5ஏசியின் ஏற்றத்தை விட நூறு மடங்குக்கும் அதிகம். மனிதக் குழந்தைகளின் காதிலிருந்து உறிஞ்சி எடுத்த பசைச் சளியிலும் முதன்மையாகக் காணப்படும் மியூசின் மக்5பிதான் என்பதை நினைவில் வையுங்கள். தலைப்பு மாற வேண்டும்.

இரண்டாவது, கேப்டிஹெச். எல்.பி.எஸ். போட்ட காதுக்குள் 24 மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் படையெடுத்து வந்திருக்கும். நீங்கள் சுரண்டி எடுத்த ஆர்.என்.ஏ.யில் பெரும்பங்கு அந்த விருந்தாளிகளுடையதாக இருக்கலாம். அவற்றிலும் கேப்டிஹெச் உண்டு, மியூசின் கிடையாது. எனவே மேலணிச் செல் ஒவ்வொன்றும் மக்5பியை நான்கு மடங்கு கூட்டியிருந்தாலும், கலவையில் அது இரண்டு மடங்காகத் தெரியக்கூடும். மேலணிச் செல்லுக்கே உரிய எப்கேம் அல்லது ஈ-கேடெரினை ஒப்பீட்டுக்கு வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். மிச்ச ஆர்.என்.ஏ. இருக்கிறதா?

-----

நாகலூர் அம்மா (ஏற்காடு) எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் அறிவியல் படித்தவள் அல்ல. என் மகனுக்கு நாலரை வயது. கூப்பிட்டால் இரண்டாவது, மூன்றாவது தடவைதான் திரும்புகிறான். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறான். சேலத்தில் காட்டியபோது இரண்டு காதிலும் நீர் கோத்திருக்கிறது, மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மலையிலிருந்து பேருந்தில் இறங்கும்போது பாதி வளைவுகளைத் தாண்டியதும் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். ஏறும்போது அப்படி அழுவதில்லை. நீங்கள் பேசும் இந்தச் சளி மரபணுவை அடக்கும் மருந்து ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன்.

-----

செவிப்பறை (சேலம், காது மூக்கு தொண்டை மருத்துவம்) எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டதில் தவறே இல்லை; இந்த இழைக்கு வேண்டிய கேள்விதான் அது.

இறங்கும்போது மட்டும் அழுவதற்குக் காரணம் இது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மாறுகிறது. ஏறும்போது நடுச்செவியில் உள்ள காற்று விரிந்து, மூக்கின் பின்புறத்துக்குச் செல்லும் ஊஸ்டேச்சியன் குழாயைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடும். எச்சிலையோ தண்ணீரையோ விழுங்கி நாம்தான் குழாயைத் திறந்துவிட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் பெரியவர்களுக்கு இருப்பதைப் போலச் சாய்வாக இல்லாமல் கிடையாகவும் இருக்கும். அதைத் திறக்கும் தசையும் இன்னும் முழுமையாகப் பழகியிருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கும்வரை அவன் கையில் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்து, மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். தூங்க விடாதீர்கள்.

மருந்தைப் பொறுத்தவரை நேராகச் சொல்கிறேன்: மியூசின் மரபணுவை அடக்கிக் காது நீரைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இன்று மருத்துவப் பயன்பாட்டில் இல்லை. சளி மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஆகியவற்றை இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. வாய்வழி ஸ்டீராய்டைச் சோதித்து 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்விலும், கேட்கும் திறனில் சொல்லிக்கொள்ளும்படியான ஆதாயம் கிடைக்கவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு நீர் தானே வடிந்துவிடுவதால்தான் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். அது தட்டிக்கழிப்பது அல்ல. ஆனால் மூன்று மாதம் முடிந்ததும் கேட்புச் சோதனை செய்யாமல் விட்டுவிடாதீர்கள். நீர் நிற்கிறது, கேட்கும் திறனும் குறைந்திருக்கிறது என்றால், செவிப்பறையில் குரோமெட் என்னும் சிறு குழாய் வைப்பதைப் பற்றி உங்கள் மருத்துவர் பேசுவார். 1954இல் ஆம்ஸ்ட்ராங் மீட்டெடுத்த அந்த முறை இன்றும் நிற்கிறது. அதுவரை அவன் முகத்துக்கு நேராக நின்று பேசுங்கள். பள்ளியில் முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். காதில் வலியுடன் காய்ச்சல் வந்தாலோ சீழ் வடிந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

-----

வெட்டுத்துண்டு (சேலம், நோய்க்குறியியல்) எழுதியது:

மிளகளவு அவர்களின் கண்ணாடித் தகட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு இரண்டு செய்திகள் உண்டு. படத்தைத் தனி அஞ்சலில் அனுப்பியிருந்தார், பார்த்தேன்.

முதலாவது, எந்த இடத்தை வெட்டினீர்கள் என்பது. நடுச்செவி முழுவதும் ஒரே மாதிரிச் சவ்வால் மூடப்பட்டதல்ல. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் தாம்சன், டக்கர் ஆகிய இருவர் சுண்டெலியில் காட்டியது இதுதான்: ஊஸ்டேச்சியன் குழாயின் வாயை ஒட்டிய பகுதியின் மேலணி, கருவின் உள் அடுக்கான அகப்படையிலிருந்து வருகிறது. மேற்புறக் கூரைப் பகுதியின் மேலணியோ கருவின் வேறொரு தொகுதியான நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வருகிறது. முன்னதில்தான் சளியைத் தள்ளும் நுண்ணிழைகளான குற்றிழைகள் அடர்ந்திருக்கும். பின்னதில் குற்றிழை முளைப்பதில்லை, தட்டையான செல்கள் மட்டுமே. கோப்பைச் செல்கள் இயல்பான காதில் இருந்தாலும் குழாய் வாய்க்குப் பக்கத்தில் சிலவாகத்தான் இருக்கும். உங்கள் வெட்டு சிற்றெலும்புகள் தெரியும் கூரைப் பகுதி வழியாகப் போகிறது. கிணறு இருக்கும் தோட்டத்தை விட்டுவிட்டு மேட்டுக்காட்டில் தண்ணீர் தேடியிருக்கிறீர்கள். கியூ.பி.சி.ஆருக்கோ குமிழ் முழுவதையும் சுரண்டியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே இடத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டாவது, பதப்படுத்தல். ஃபார்மலினில் போட்டு, பிறகு எலும்பை மென்மையாக்க நாள்கணக்கில் ஈ.டி.டி.ஏ. கரைசலில் ஊறவைத்திருக்கிறீர்கள். செல்லுக்குள் துகளாக இருக்கும் மியூசின் இதைத் தாங்கிவிடும்; ஆனால் வெளியே சுரந்து சவ்வின்மேல் படர்ந்த சளிப்படலம் சுருங்கியும் கழுவப்பட்டும் போய்விடும். படலத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் தண்ணீர் சேராத கார்னாய் கரைசல் நல்லது. பி.ஏ.எஸ். சாயத்தோடு அல்சியான் நீலத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். அமில மியூசின் நீலமாகவும், நடுநிலை மியூசின் மெஜந்தா நிறமாகவும் பிரியும். என் கண்ணாடித் தகட்டுப் பெட்டியில் இப்படி ஏற்றிய எலிக் குடல் ஒன்று இருக்கிறது; ஒப்பிட வேண்டுமென்றால் வந்து பாருங்கள்.

-----

மூன்றாம் வளைவு (ஏற்காடு அடிவாரம்) எழுதியது:

எல்லோரும் சுற்றிச் சுற்றி எலியின் மிளகளவுக் காதையே பேசுகிறீர்கள். எலிக்குக் காது நீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? மேலே ஓர் அம்மா தம் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்த பதிலோ காத்திருங்கள் என்பதுதான். இத்தனை ஆண்டு எலி ஆய்வால் அந்தப் பிள்ளைக்கு என்ன பயன் என்று யாராவது சொல்ல முடியுமா?

-----

பழைய பிப்பெட் எழுதியது:

நியாயமான கோபம்தான். மருந்து வரவில்லை என்பதை மருத்துவரே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் எலி ஒன்றுமே கற்றுத்தரவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

மக்5பி மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றி 2014இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதுவரை, சளியை எதிரி என்றும், அதை உண்டாக்கும் மரபணுவை அடைத்துவிட்டால் காதும் நுரையீரலும் தெளிந்துவிடும் என்றும் நினைப்பது எளிதாக இருந்தது. நடந்தது நேர்மாறு. மக்5பி இல்லாத எலிகளில் மூச்சுப்பாதையின் குற்றிழைகள் தள்ளுவதற்குப் பிடிமானம் இல்லாமல் போய்ப் பாக்டீரியாக்கள் குடியேறின. நடுச்செவியிலும் தொற்று வந்தது. மக்5ஏசி இல்லாத எலிகளுக்கு அந்தக் கேடு வரவில்லை. அதாவது, காதைக் கூட்டிப் பெருக்கும் துடைப்பமே மக்5பிதான். அளவோடு இருந்தால் துடைப்பம், அளவு மீறித் தண்ணீர் வற்றிப் போனால் அதுவே அடைப்பு. இந்த இரண்டு முகத்தையும் எந்தக் குழந்தையின் காதிலும் சோதித்துத் தெரிந்திருக்க முடியாது. நாகலூர் அம்மா கேட்ட ‘அடக்கும் மருந்து’ ஒருவேளை கிடைத்திருந்தால், அதை அவசரப்பட்டுக் கொடுத்திருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜெஃப், ஜுன்போ என்ற இரண்டு எலி வம்சங்களும் உண்டு. யாரும் நச்சு ஏற்றாமலேயே இவற்றுக்கு நடுச்செவி அழற்சி நாட்பட்டு நிற்கும். முன்னதில் எஃப்பிஎக்ஸ்ஓ11, பின்னதில் ஈவிஐ1 என்ற மரபணுக்கள் பழுதானவை என்று 2006இல் தெரிந்தது. முன்னதன் மனித வடிவத்துக்கும் குழந்தைகளின் தொடர் காதுத்தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில குடும்ப ஆய்வுகள் சொல்கின்றன. எலிக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு மரப்பாலமாவது கட்டப்பட்டிருக்கிறது.

குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். சின்சில்லா என்னும் தென் அமெரிக்கக் கொறிணியின் காதுக் குமிழ் பெரியது, நம்மைப் போலத் தாழ்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும். எனவே நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் தொற்றுகளை அதில்தான் நெடுங்காலம் படித்தார்கள். ஆனால் அதில் மரபணுவை நீக்கிப் பார்க்கும் வசதி எலியில் இருப்பதைப் போல இல்லை. எலியிலும் எல்லா வம்சமும் ஒன்றல்ல: சி3ஹெச்/ஹெச்இஜே எலிக்கு எல்.பி.எஸ்ஸை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பியே பழுது. தானாகவே காதுத்தொற்றும் வரும். தம்பி பால்ப்/சி எடுத்தது நல்லதாய்ப் போயிற்று.

-----

மரவள்ளி (ஆத்தூர்) எழுதியது:

நான் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் மாவின் பாகுநிலையை அளப்பவன். பழைய பிப்பெட் ஐயா ‘தண்ணீர் வற்றிப் போனால்’ என்று எழுதியதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. எங்கள் தொழிலில் மாவின் அளவை மட்டும் வைத்துப் பசையின் கெட்டித்தன்மையைச் சொல்லவே முடியாது. ஒரே மாவில் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலோ, உப்பு, அமிலம் மாறினாலோ கஞ்சி கூழாகிவிடும். சளியும் அப்படித்தானா?

-----

பழைய பிப்பெட் எழுதியது:

அப்படியேதான், ஐயா. இந்த ஒப்புமை எனக்கு இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று வருத்தமாக இருக்கிறது.

கோப்பைச் செல்லுக்குள் மியூசின், கால்சியத்தோடும் அமிலச் சூழலோடும் இறுகக் கட்டிய துகளாக இருக்கிறது. வெளியே கொட்டியதும் பைகார்பனேட்டு கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ள, துகள் தண்ணீரைக் குடித்து நூற்றுக்கணக்கான மடங்கு உப்புகிறது; ஜவ்வரிசி வெந்து கண்ணாடி போலாவதை அடுப்படியில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் போதிய தண்ணீரும் பைகார்பனேட்டும் இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். இது எதுவுமே தூது ஆர்.என்.ஏ.யில் தெரியாது. சேமித்து வைத்த துகளைக் கொட்டுவது நொடிகளில் நடக்கும். மரபணு வெளிப்பாடு ஏறுவது மணிக்கணக்கில். சில வேளைகளில் முதல் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, 24ஆம் மணியில் செல் காலியாகவும் ஆர்.என்.ஏ. மட்டும் நிரம்பியும் இருக்கலாம். தம்பியின் கண்ணாடித் தகட்டில் ஒன்றும் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஒரே ஒரு நேரப்புள்ளியை வைத்து இதைப் பிரித்தறிய வழியில்லை.

-----

மிளகளவு எழுதியது:

பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிப்பெட் ஐயா பந்தயத்தில் வென்றுவிட்டார். மக்5ஏசி உப்புநீர்க் காதுகளில் பாதிக் குழிகளில் ஏதும் வரவில்லை. வராத குழிகளை விட்டுவிட்டு, வந்தவற்றின் சராசரியைத்தான் 36 என்று எழுதியிருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

உறைநிலையில் மிச்சம் இருந்த ஆர்.என்.ஏ.யில் ஆறில் நான்கு எலிகளுக்கு எப்கேம் ஓட்ட முடிந்தது. எல்.பி.எஸ். காதுகளில் எப்கேமின் சி.டி. சராசரியாக ஒன்றரைச் சுற்றுத் தள்ளிப் போயிருக்கிறது. அதாவது அந்த மாதிரிகளில் மேலணிச் செல்லின் பங்கே மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. அதை வைத்துக் கணக்கிட்டால் மக்5பியின் ஏற்றம் இரண்டிலிருந்து ஏறத்தாழ ஐந்தரை மடங்காகிறது. நான்கு எலிகளை வைத்துப் பெரிதாகப் பேசக் கூடாது என்பது தெரியும். எப்கேமே அழற்சியில் சற்றுக் குறையுமோ என்ற ஐயமும் இருப்பதால், ஈ-கேடெரினையும் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. என் உப்புநீர்க் காதும் ஊசி குத்திய காதுதானே? அதிலேயே ஓரளவு அழற்சி இருந்திருக்கும். ஊசியே படாத காது ஒரு தொகுதி இல்லாமல், அடிநிலை என்று நான் எதைச் சொல்வது?

-----

வெட்டுத்துண்டு எழுதியது:

அதைத்தான் அடுத்து எழுத இருந்தேன், நீங்களே கேட்டுவிட்டீர்கள். ஊசி படாத தொகுதி கட்டாயம் வேண்டும். புதிதாக எலிகளுக்கு அனுமதி கேட்கும்போது, வேறு ஆய்வில் கட்டுப்பாட்டுத் தொகுதியாக இருந்து முடிந்த எலிகளின் காதுகளைப் பெற முடியுமா என்றும் கேளுங்கள். காதை மட்டும் யாரும் எடுப்பதில்லை, தலையோடு எரியூட்டிக்குப் போகிறது. ஓர் உயிராவது மிஞ்சும்.

-----

செவிப்பறை எழுதியது:

ஒரு சிறு யோசனை. காலவரிசையை முழுவதும் எலியிலேயே செய்ய வேண்டியதில்லை. சுண்டெலியின் நடுச்செவிச் செல்களை எடுத்து வளர்த்து, மேற்பரப்பைக் காற்றில் திறந்து, அடியிலிருந்து மட்டும் ஊட்டம் கொடுக்கும் காற்று-நீர் இடைமுக வளர்ப்பு முறை வந்துவிட்டது. நீரில் மூழ்க வைத்து வளர்த்த செல்கள் தட்டையாகவே கிடக்கும். காற்றுக்குத் தூக்கினால்தான் குற்றிழைகள் முளைத்து, சுரக்கும் செல்களும் பிரியும். அதில் நியூட்ரோஃபில் கலப்படமும் கிடையாது. 2, 6, 24, 72 மணி என்று ஒரே தட்டில் பார்த்துவிட்டு, தேவையான ஒரு நேரத்தை மட்டும் எலியில் உறுதிசெய்யலாம்.

நாகலூர் அம்மாவுக்கு: மூன்று மாதம் எப்போது முடிகிறது?

-----

நாகலூர் அம்மா எழுதியது:

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, டாக்டர். தண்ணீர்ப் புட்டி யோசனையை ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம். அடிவாரம் வரும்வரை அழவில்லை. ஆனால் இறங்கியதும் கழிப்பறையைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் படித்தேன், பாதி புரிந்தது. சளியே கூடாது என்று இனி சொல்ல மாட்டேன்.

-----

மிளகளவு எழுதியது:

தலைப்பை மாற்றிவிட்டேன், இப்போது மக்5பிதான் முன்னால் நிற்கிறது. மக்5ஏசியை ‘கண்டறியும் எல்லைக்கு அருகில்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறேன். 32 மடங்கு போய்விட்டதே என்று என் வழிகாட்டிக்குச் சற்று மனக்குறை, சி.டி. அட்டவணையைக் காட்டியதும் அவரும் ஒப்புக்கொண்டார். புரதத்தையும் அளக்கச் சொல்கிறார். மியூசின் மிகப் பெரியது, வழக்கமான பாலிஅக்ரிலமைடு ஜெல்லுக்குள் நுழையாமல் கிணற்றிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு அகரோஸ் ஜெல்லில்தான் ஓட்ட வேண்டும். வெட்டுத்துண்டு அவர்களே, வியாழன் காலை பத்து மணிக்கு அந்த எலிக் குடல் தகட்டைப் பார்க்க வரலாமா? கார்னாய் கரைசலில் போட்ட இரண்டு காதுகளையும் கையோடு எடுத்து வருகிறேன். இந்த முறை குழாய் வாய் எந்தப் பக்கம் என்று மையால் குறித்து வைத்திருக்கிறேன்.